இலவசமாகச் சொல்லிக்கொடுத்தால் எண்ணெய் விற்குமா?

கேள்வி: "காங்கேயம் பக்கம் இரண்டு மரச்செக்கு போட்டு கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கிறேன். ஒரு வருடமாக பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் போஸ்டர் போடுகிறேன். லைக் வருகிறது, ஆர்டர் வருவதில்லை. விளம்பரத்துக்குச் செலவழிக்க வசதியில்லை. பயனுள்ள விஷயங்களை இலவசமாகப் போட்டால் வாடிக்கையாளர் வருவார்கள் என்கிறார்கள். உண்மையா? எதைப் போடுவது? தொழில் ரகசியத்தைச் சொல்லிவிட்டால் போட்டிக்கு ஆள் வந்துவிடாதா? மாதம் பதினைந்தாயிரம் கேட்கும் ஒரு ஏஜென்சியிடம் கொடுத்துவிடலாமா?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். வருவார்கள். ஆனால் இப்போது போடுவதையே இரண்டு மடங்காகப் போட்டால் வர மாட்டார்கள். கடைக்கு வந்த ஒருவர், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்குவதற்கு முன்னால் உங்களிடம் என்ன கேட்கிறாரோ, அதற்கு நீங்கள் சொல்லும் பதிலை அப்படியே இணையத்தில் வைக்க வேண்டும். இந்த வழி மொத்தமும் அவ்வளவுதான். கல்லாவில் யாரும் கேட்காத எதையும் முதல் ஆறு மாதத்துக்குப் போடாதீர்கள்.

உங்கள் போஸ்டர்களை நான் பார்த்ததில்லை. ஆனாலும் இந்தத் தொழிலில் எல்லோரும் போடுவது ஒரே மாதிரிதான் இருக்கிறது. பொங்கல் வாழ்த்து, ஆடி வாழ்த்து, செக்கைச் சுற்றும் மாட்டின் படம் (செக்கு மோட்டாரில்தான் ஓடும்), "பாரம்பரியத்துக்குத் திரும்புவோம்" என்று ஒரு வரி, கீழே போன் நம்பர். இதில் தப்பாக எதுவும் இல்லை. மச்சான், சித்தப்பா, கூடப் படித்தவர்கள் எல்லோரும் லைக் போடுவார்கள். அவர்களுக்கு எண்ணெய் வேண்டுமென்றால் நேராக உங்கள் வீட்டுக்கே வந்துவிடுவார்கள். வேண்டிய ஆள் வேறு எங்கோ இருக்கிறார். திருப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில், சமையல் முடித்து ராத்திரி பத்து மணிக்கு, "செக்கு எண்ணெய் ஏன் இவ்வளவு விலை" என்று கூகுளில் தட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு முன்னால் உங்கள் முகம் வர வேண்டும்.

இதை மிகத் தெளிவாகச் செய்து காட்டியவர் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த மார்கஸ் ஷெரிடன். நண்பர்கள் இருவரோடு சேர்ந்து ஃபைபர்கிளாஸ் நீச்சல் குளம் அமைத்துத் தரும் 'ரிவர் பூல்ஸ்' என்ற சிறிய கம்பெனியை நடத்தினார். 2008இல் அங்கே பொருளாதாரம் சரிந்ததும் முன்பணம் கொடுத்தவர்களே திருப்பிக் கேட்க ஆரம்பித்தார்கள். கம்பெனி மூடும் நிலைக்கு வந்தது. விளம்பரத்துக்குக் காசு இல்லை. 2009இல் அவர் செய்தது ஒன்றுதான். அதுவரை வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகள் அத்தனையையும் எழுதி வைத்து, ஒரு கேள்விக்கு ஒரு கட்டுரை என்று கம்பெனியின் இணையதளத்தில் பதில் எழுதினார். குளத்துக்கு எவ்வளவு செலவாகும்? கான்கிரீட் நல்லதா, ஃபைபர்கிளாஸ் நல்லதா? ஃபைபர்கிளாஸ் குளத்தில் என்னென்ன பிரச்சினை வரும்? இந்த மூன்றாவது கேள்வியைப் பாருங்கள். தான் விற்கும் பொருளின் குறைகளைத் தானே எழுதினார். அதற்கும் மேலே போய், பக்கத்து ரிச்மண்ட் நகரத்தில் நல்ல குளம் கட்டுபவர்கள் யார் யார் என்று போட்டிக் கம்பெனிகளின் பெயர்களையும் பட்டியல் போட்டார். அந்தப் பட்டியலில் தன் கம்பெனியைச் சேர்க்கவே இல்லை. "அவங்க எப்படி?" என்று போட்டிக் கம்பெனிகளைத் தேடியவர்களும் இவர் பக்கத்தில்தான் வந்து விழுந்தார்கள்.

அவரே சொல்லும் ஒரு கணக்கு உண்டு. நேரில் பேசுவதற்கு முன்பே தளத்தில் முப்பது பக்கங்களுக்கு மேல் படித்துவிட்டு வந்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் வாங்கினார்கள் என்பது. நீச்சல் குளம் லட்சக்கணக்கில் செலவாகும் சமாச்சாரம், முப்பது பக்கம் படிப்பார்கள். எண்ணெய்க்கு யாரும் அவ்வளவு படிக்க மாட்டார்கள். மூன்று வீடியோ பார்ப்பார்கள். ஆனால் குளத்தை ஒருவர் வாழ்க்கையில் ஒரு தடவைதான் வாங்குவார். எண்ணெயை மாதாமாதம் வாங்குவார். உங்களுக்கு வாய்த்த தொழில் அந்த வகையில் மேல்.

சரி, கேள்விகள் எங்கே கிடைக்கும்? உங்கள் வாட்ஸ்அப்பிலேயே இருக்கின்றன. ஒரு வருடத்து உரையாடல்களைத் திறந்து, வாங்கியவர்களும் வாங்காமல் போனவர்களும் கேட்டதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். நீங்கள் பதிலாக அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் இருக்கும். அவற்றைப் போட்டுக் கேளுங்கள். போஸ்டரில் இல்லாத ஓர் உயிர் அதில் இருக்கும். "இல்லீங்கக்கா, அது கெட்டுப்போகல, மண்டி அடியில நிக்குது, அவ்வளவுதான்" என்று நீங்கள் சொன்னதுதான் உங்கள் முதல் வீடியோவின் வசனம். அப்புறம் யூடியூப் தேடல் பெட்டியில் 'மரச்செக்கு' என்று தட்டி இடைவெளி விடுங்கள். என்னென்ன வார்த்தைகள் கீழே விழுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அதையே ஆங்கில எழுத்தில் தமிழாகவும் அடித்துப் பாருங்கள், நம் ஆட்கள் பாதிப் பேர் அப்படித்தான் தேடுகிறார்கள். வீடியோவின் தலைப்பில் அந்தக் கேள்வியே இருக்கட்டும். 'நம்ம செக்கு, நம்ம பெருமை' என்று தலைப்பு வைத்தால் அதை யாரும் தேடப் போவதில்லை.

இனி முக்கியமான விஷயம், விலை. கடைக்காரர்கள் எல்லோரும் ஒளித்து வைப்பது இதைத்தான். "விலைக்கு இன்பாக்ஸில் வரவும்" என்று போடுகிறார்கள். வாங்குபவர் இன்பாக்ஸுக்கு வர மாட்டார், விலை போட்டிருக்கும் அடுத்த கடைக்குப் போய்விடுவார். நீங்கள் விலையைப் போடுவதோடு நிற்காமல், அந்த விலை எப்படி வந்தது என்ற கணக்கையும் போடுங்கள். நல்ல நிலக்கடலைப் பருப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் எண்ணெய் இருக்கிறது. செக்கில் ஆட்டினால் அதிலும் கொஞ்சம் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். ஆக ஒரு லிட்டர் எண்ணெய்க்கு இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ பருப்பு போகும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான், திருப்பூர் அக்காவுக்குத் தெரியாது.

கேமராவுக்கு முன்னால் ஒரு தராசை வைத்து 2 கிலோ 400 கிராம் பருப்பை நிறுத்துக் காட்டுங்கள். பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (அன்றைய விலை எதுவோ அதைப் போடுங்கள்). 312 ரூபாய் ஆயிற்று. கிடைக்கும் புண்ணாக்கு ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம், கிலோ 45 என்றால் 63 ரூபாய் திரும்பி வரும். மீதி 249. கரண்ட், ஆள் கூலி, பாட்டில், லேபிள் எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 35 என்றால் 284 ரூபாய் அடக்கம். "நான் 320க்குத் தருகிறேன், எனக்கு நிற்பது 36 ரூபாய்" என்று சொல்லி முடியுங்கள். நான்கு நிமிடம்கூட ஆகாது.

லாபத்தை வெளியே சொல்வதா என்று உங்களுக்குப் பதறும். சொல்லுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்தவர் அதற்குப் பிறகு "190 ரூபாய்க்குச் சுத்தமான செக்கு எண்ணெய்" என்ற போர்டை எங்கே பார்த்தாலும் தானே பெருக்கிப் பார்த்துவிடுவார். போட்டியாளரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. பருப்பு விலை ஏறும்போதும் இறங்கும்போதும் இதே வீடியோவைப் புதிதாக எடுத்துப் போடலாம். விலை இறங்கியபோது குறைத்தவர் என்ற பெயர் ஒரு தடவை கிடைத்துவிட்டால், ஏறும்போது யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

விலைக்கு அடுத்து, புகார் மாதிரி வரும் கேள்விகள். கடலை எண்ணெயில் வடை சுட்டால் ஏன் நுரை பொங்குகிறது? சுத்திகரிக்காத எண்ணெயில் பாஸ்போலிப்பிட் என்ற பசைத்தன்மையுள்ள பொருள் இருக்கும், கொஞ்சம் ஈரமும் இருக்கலாம். ரீஃபைண்ட் எண்ணெயில் அவற்றை எடுத்துவிடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் மார்கழியில் ஏன் கட்டியாகிறது? சுமார் 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத்தான் செய்யும். இந்த வீடியோவைக் கார்த்திகை கடைசியிலேயே போட்டு வைத்துவிடுங்கள், தேடல் வருவது மார்கழியில். பிரிட்ஜில் வைத்துப் பார்க்கும் சோதனையையும் அதிலேயே காட்டலாம். தேங்காய் எண்ணெய் உறையும், உறையாத எண்ணெய் கலந்திருந்தால் தனியாக நிற்கும். ஆனால் பாம் கர்னல் எண்ணெய் மாதிரி தானும் உறையக்கூடியதைக் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மற்ற சேனல்கள் விட்டுவிடும் அந்த ஒரு வரிதான் உங்களை நம்ப வைக்கும்.

"ஒரு லிட்டர் வாங்கினேன், வீட்டில் நிறுத்தால் ஒரு கிலோ இல்லையே" என்ற சண்டை எந்தச் செக்குக்காரருக்கும் புதிதில்லை. எண்ணெய் தண்ணீரை விட லேசானது. ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான் நிற்கும். சூடானால் எண்ணெய் விரியும். அதனால் அதிக வெப்பநிலையைக் குறிப்பிட்டு 'ஒரு லிட்டர்' என்று அடைத்தால் உள்ளே எடை இன்னும் குறையும். இந்த விளையாட்டு வேண்டாம், வெப்பநிலையைப் போடாமல் கொள்ளளவோடு எடையையும் அச்சிடுங்கள் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் எண்ணெய் நிறுவனங்களுக்குச் சொன்னது. உங்கள் பாட்டிலைத் தராசில் வைத்துக் காட்டிவிட்டு, கடையில் வாங்கிய எந்த பாக்கெட்டையும் இப்படி நிறுத்துப் பாருங்கள் என்று சொல்லுங்கள். இது உங்கள் கடையில் வாங்காதவருக்கும் பயன்படும். அதனால்தான் அடுத்தவருக்கு அனுப்பி வைப்பார்கள்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், செக்குக்காரர்கள் பேசத் தயங்கும் இடம் இது. நிலக்கடலை சரியாகக் காயாமல் ஈரத்தோடு கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். அதில் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சு உருவாகும், கல்லீரலுக்கு ஆகாதது. ஆலையில் சுத்திகரிக்கும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் அந்த வேலை நடப்பதில்லை. கெட்ட பருப்பைப் போட்டால் கெட்டது எண்ணெயில் வந்து சேரும். அதாவது ரீஃபைண்ட் எண்ணெய்க்காரர் உங்களைத் தாக்க நினைத்தால் அவர் கையில் இருக்கும் நிஜமான ஆயுதம் இது. அவர் எடுப்பதற்கு முன்னால் நீங்களே எடுத்துப் பேசிவிடுங்கள். பருப்பைக் கொட்டி, சுருங்கியது, கறுத்தது, முளைவிட்டது, பூசணம் பூத்தது எல்லாவற்றையும் பெண்கள் கையால் பொறுக்குவதை எடுங்கள். ஒரு மூட்டையில் பொறுக்கிப் போட்டது எவ்வளவு என்று நிறுத்துக் காட்டுங்கள். அந்தக் கழிவை என்ன செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள், தள்ளிய பருப்பு தீவனமாக மாட்டுக்குப் போகவும் கூடாது. வருடத்துக்கு ஒரு தடவையாவது அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் எண்ணெயைச் சோதித்து அறிக்கையை அப்படியே காட்டுங்கள். இதற்குப் பணம் ஆகும்தான். பதினைந்தாயிரம் ரூபாய் ஏஜென்சிக்குப் பதிலாகச் செலவழிக்க ஓர் இடம் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இப்படிக் குறையைச் சொன்னால் பயந்து ஓட மாட்டார்களா என்று கேட்கலாம். சிலர் போவார்கள். அவர்கள் எப்படியும் ஒரு தடவை வாங்கிவிட்டு நுரை வருகிறது என்று சண்டை போட்டிருப்பார்கள். "கல்யாணத்துக்குப் பலகாரம் சுட எங்கள் எண்ணெய் கட்டுப்படியாகாது, வேண்டாம்" என்று வெளிப்படையாகச் சொல்லும் கடைக்காரர், "தாளிப்புக்கும் தோசைக்கும் நல்லது" என்று சொன்னால் ஜனங்கள் நம்புவார்கள்.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் இருப்பது மருத்துவப் பேச்சு. 'மாரடைப்பைத் தடுக்கும்', 'சர்க்கரையைக் குறைக்கும்', 'மூட்டுவலி மூன்றே வாரத்தில்'. தயவுசெய்து இந்தப் பக்கமே போகாதீர்கள். நோயைக் குணப்படுத்தும் என்று உணவுப் பொருளை விளம்பரம் செய்ய, நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதிகள், அதாவது 2018இல் வந்த விளம்பரம் மற்றும் கூற்றுகள் பற்றிய ஒழுங்குமுறை, இடம் கொடுப்பதில்லை. யூடியூப் வீடியோவும் விளம்பரம்தான். 'கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்' என்று போடுவதும் சிரிப்புக்கு இடம். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் சொல்லிக்கொள்ளும்படி கிடையாது, நீங்கள் எதிரியாக நினைக்கும் ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெயிலும்தான். இதைத் தெரிந்த ஒரு டாக்டரோ டயட்டீஷியனோ உங்கள் பக்கத்தைப் பார்த்தால், அந்த ஒரு வரியால் மற்ற நல்ல வீடியோக்களும் அடிபட்டுப் போகும்.

ரகசியம் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் ஹாமில்டன் என்று ஒரு குட்டி ஊர், ஜனத்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது. 2008 நெருக்கடியில் குடும்பத்தின் சேமிப்பு கரைந்ததும், ஜென்னி டோன் என்ற அம்மாவுக்கு அவர் பிள்ளைகள் ஒரு பெரிய குயில்ட் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்து ஒரு கடை போட்டார்கள். நம் ஊரில் பழைய சேலைகளை ஒட்டுப் போட்டுத் தைக்கும் போர்வை மாதிரியான வேலை அது. கடைக்கு ஆள் வரவில்லை. மகன் யோசனைப்படி அந்த அம்மா யூடியூபில் தையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். துணியை எப்படி வெட்டுவது, எப்படி இணைப்பது என்று ஒன்றையும் மறைக்காமல் காட்டினார். தைக்கக் கற்றுக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள்? ஏற்கெனவே அளவாக வெட்டி வைத்த துணிக்கட்டை அவர் கடையிலேயே வாங்கினார்கள். மிசௌரி ஸ்டார் குயில்ட் கம்பெனி இன்று அந்த ஊரில் வரிசையாகக் கடைகள் வைத்திருக்கிறது. துணி வாங்க வரும் பெண்களோடு கூட வரும் கணவன்மார் உட்கார்ந்திருக்கத் தனியாக ஓர் இடமே இருக்கிறது. நமக்கும் அது வேண்டும்.

உங்கள் விஷயத்தில் நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி எப்போது சேர்க்கிறீர்கள், எவ்வளவு, ஏன் என்று விலாவாரியாகச் சொன்னால்கூட, பார்க்கும் அக்கா வாகை மரத்தில் செக்கு செய்து மொட்டை மாடியில் மோட்டார் மாட்டப் போவதில்லை. செக்கு போட நினைக்கும் பக்கத்து ஊர்க்காரருக்கு இந்த ரகசியத்தைச் சொல்ல செக்கு விற்கும் பட்டறைக்காரரே போதும். சொல்லக் கூடாதது இரண்டுதான். எந்த விவசாயியிடம் வாங்குகிறீர்கள் என்ற தொடர்பு, அப்புறம் உங்கள் வாடிக்கையாளர் பட்டியல். மற்றதெல்லாம் பேசலாம்.

இன்னொரு குழியைச் சொல்லிவிடுகிறேன். சமையல் வீடியோ. 'செக்கு எண்ணெயில் ஆந்திரா ஸ்டைல் பருப்புப் பொடி' என்று ஒன்று போடுவீர்கள். அது ஓடும், ஆயிரக்கணக்கில் பார்ப்பார்கள், மனசு குளிர்ந்துபோகும். அடுத்து இன்னொன்று. ஆறு மாதத்தில் நீங்கள் ஒரு சமையல் சேனல் நடத்திக்கொண்டிருப்பீர்கள். பார்ப்பவர்கள் துபாயிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் இருப்பார்கள், அவர்களுக்கு நீங்கள் பாட்டில் அனுப்ப முடியாது. ஆயிரம் சந்தாதாரர், நாலாயிரம் மணி நேரம் பார்த்திருக்க வேண்டும் என்று யூடியூப் விளம்பர வருமானத்துக்கு ஓடுவதும் இதே கதைதான். அது ஒரு தனித் தொழில். உங்கள் தொழில் எண்ணெய். 'திருப்பூர், ஈரோடு, கோவைக்கு செக்கு எண்ணெய் டெலிவரி உண்டா' என்ற வீடியோவை நாற்பது பேர் பார்த்து மூன்று பேர் போன் செய்தால் அதுதான் நல்ல வீடியோ.

எங்கே போடுவது என்பதில் அதிகம் மண்டையை உடைக்க வேண்டியதில்லை. முதலில் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், காசு கிடையாது. மேப்பில் கடை சரியான இடத்தில் நிற்கிறதா, திறக்கும் நேரம் சரியா, களமும் செக்கும் தெரியும் படங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நல்ல வாடிக்கையாளரிடம் பாட்டிலைக் கொடுக்கும்போதே ஒரு ரிவ்யூ கேளுங்கள். ரிவ்யூவைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். ஒரே வாரத்தில் ஐந்து நட்சத்திரம் முப்பது வந்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மோசமான ரிவ்யூ வந்தால் சண்டை போடாமல், என்ன நடந்தது, என்ன செய்து கொடுத்தீர்கள் என்று இரண்டு வரியில் பதில் போடுங்கள். அந்தப் பதிலைத்தான் அடுத்தவர் படிப்பார்.

இரண்டாவது யூடியூப். ரீல்ஸ் இரண்டு மூன்று நாளில் கீழே போய்விடும், தேடிக் கண்டுபிடிக்கும்படி வைத்த யூடியூப் வீடியோ வருடக்கணக்கில் நிற்கும். மூன்றாவது வாட்ஸ்அப் பிசினஸ். அதில் கேட்டலாக் போடலாம், பழைய வாடிக்கையாளர்களுக்கு பிராட்காஸ்ட் அனுப்பலாம். ஒரு பட்டியலில் 256 பேர், அதுவும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அதனால் முதல் ஆர்டரிலேயே "நம்பரைச் சேவ் பண்ணிக்குங்க" என்று சொல்லும் பழக்கம் வேண்டும். வேறு எந்த ஆப்பில் எத்தனை ஃபாலோயர் இருந்தாலும் அது உங்கள் சொத்து ஆகாது. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதை மட்டும் நம்பி இருந்தவர்களுக்குச் சேர்த்து வைத்த கூட்டம் ராத்திரியோடு ராத்திரியாகப் போயிற்று. போன் நம்பர் பட்டியல் யாரும் பிடுங்க முடியாதது.

எடுப்பதற்குப் பெரிய கேமரா வேண்டாம், இருக்கும் போன் போதும். ஆனால் செக்கு ஓடும்போது பக்கத்தில் நின்று பேசாதீர்கள், மோட்டார் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. ஓடுவதைத் தனியாக எடுத்துக்கொண்டு, பேசுவதைக் களத்தில் நின்று காலை வெயிலில் எடுங்கள். இருநூறு முந்நூறு ரூபாயில் காலரில் குத்தும் ஒயர் மைக் கிடைக்கும், அது ஒன்றை மட்டும் வாங்குங்கள். எழுதி வைத்துப் படிக்காதீர்கள். வீட்டில் ஒருவரை எதிரே நிற்க வைத்து அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லி, அவரிடம் சொல்லுங்கள். "வாங்க, பாருங்க" என்று உங்கள் கொங்குப் பேச்சே இருக்கட்டும், டிவி தமிழ் வேண்டாம். முதல் பதினைந்து விநாடியில் கேள்விக்கு விடை வந்துவிட வேண்டும், விளக்கம் அப்புறம். 'வணக்கம் நண்பர்களே, சப்ஸ்க்ரைப் பண்ணுங்க' என்று தொடங்கினால் விடைக்கு வந்தவர் கையை விட்டுப் போய்விடுவார்.

பார்சல் பற்றித் தனியாக ஒரு வீடியோ கட்டாயம் வேண்டும். வெளியூர்க்காரர் கடைசி நிமிடத்தில் பின்வாங்குவது இங்கேதான், "வழியில ஒழுகிடுச்சுன்னா?" மூடிக்கு அடியில் சீல் ஒட்டுவது, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு ராத்திரி வைத்துப் பார்ப்பது, சுற்றிக் கட்டுவது, அட்டைப்பெட்டிக்குள் இறக்குவது எல்லாவற்றையும் ஒரே ஷாட்டில் காட்டுங்கள். ஒழுகி வந்தால் என்ன செய்வீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள், பணம் திரும்பவா, மாற்று பாட்டிலா, எத்தனை நாளில். கூடவே "ஒரு லிட்டர் மட்டும் கூரியரில் வாங்காதீர்கள், அனுப்பும் செலவு எண்ணெய் விலையைத் தின்றுவிடும், பக்கத்து வீட்டையும் சேர்த்து ஐந்து லிட்டராக வாங்குங்கள்" என்று சொல்லிவிடுங்கள். வாங்குபவருக்கு மிச்சம், உங்களுக்கு ஒரு பார்சலில் இரண்டு வீடு.

எவ்வளவு நாள் ஆகும்? வாரத்துக்கு ஒன்று என்று வைத்தால் ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் ஈ ஓட்டுவீர்கள். வியூ எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டுப் போட்டு, புதிதாகப் பேசும் ஒவ்வொருவரிடமும் "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டு எழுதுங்கள். எந்த வீடியோ என்று அவரே சொல்வார், "அந்தக் கணக்குப் போட்டீங்களே, அது" என்று. அந்த வகையில் அடுத்ததை எடுங்கள். இன்னொரு நல்ல அடையாளமும் உண்டு. போன் செய்பவர்கள் "சுத்தமானதுதானே?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "ஐந்து லிட்டர் எப்போ வரும்?" என்று தொடங்குவார்கள். பாதி விற்பனை போன் அடிப்பதற்கு முன்பே முடிந்திருக்கும்.

கடைசியாக அந்த ஏஜென்சி. இப்போது வேண்டாம். பதினைந்தாயிரத்துக்கு அவர்கள் மாதம் இருபது போஸ்டர் செய்து தருவார்கள், அதில் நான்கு பண்டிகை வாழ்த்தாக இருக்கும், மீதியை ஏஐ எழுதித் தரும். 'செக்கு எண்ணெயின் 10 அற்புத நன்மைகள்' என்பதை இன்னொரு செக்குக்காரருக்கும் பெயரை மாற்றி அனுப்பியிருப்பார்கள். உங்கள் களத்தில் இன்று காலை பருப்பில் எவ்வளவு பூசணம் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்து, எந்தக் கேள்விகள் ஆர்டர் கொண்டு வருகின்றன என்று உங்கள் நோட்டிலேயே இருக்கும்போது, வெட்டி ஒட்டுவதற்கும் தலைப்புப் போடுவதற்கும் நேரம் போதவில்லை என்றால், கல்லூரி முடித்த பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒருவரைப் பகுதிநேரமாக வைத்துக்கொள்ளுங்கள். பேசுவது மட்டும் நீங்களாகவே இருங்கள். இந்த வாரம் தராசு வீடியோவை எடுத்துவிடுங்கள். பருப்பு விலை மாறுவதற்குள்.